டீச்சர், சங்கத்தில் சேரலாமா?

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான்: ஓய்வு பெற்ற ஆசிரியர் சங்கம். மே மாதக் கடைசியில் மாலை போட்டு, மோதிரம் போட்டு, வீடு வரை கொண்டுவந்து விட்டுப் போகிறார்கள். ஜூன் முழுக்கத் தூக்கம். ஜூலை வந்தால்தான் "இனி என்ன?" என்று தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆகவே மற்றக் கேள்விகளை அடுத்த மாதத்துக்குத் தள்ளிவிட்டேன். பேரனுக்குப் பின்னம் எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்று கேட்ட திருவாரூர் அம்மா பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நடுநிலைப் பள்ளித் தலைமையாசிரியராக இருந்து இந்த மே மாதம் ஓய்வு பெற்றேன். பென்ஷன் ஆணை கைக்கு வந்துவிட்டது. கூட வேலை பார்த்த நண்பர் தினமும் போன் செய்து "சங்கத்தில் சேருங்கள் சார்" என்கிறார். சந்தா கட்டி, மாதம் ஒரு நாள் வடையும் டீயும் சாப்பிடுவதைத் தவிர அங்கே என்னதான் நடக்கிறது? — ஓய்வு பெற்ற தலைமையாசிரியர், துறையூர்

நீங்கள் கேட்டதைத்தான் நானும் கேட்டேன், என் வீட்டுக்காரரிடம். அவர் தமிழாசிரியர். 2006இல் ஓய்வு பெற்ற அடுத்த மாதமே சங்கத்தில் சேர்ந்துவிட்டார். மாதம் ஒரு சனிக்கிழமை வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு கிளம்புவார். "வடைச் சங்கத்துக்குப் புறப்பட்டாச்சா?" என்பேன். 2009இல் எனக்கும் ஓய்வு வந்தது. விண்ணப்பப் படிவத்தை அவரே கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். அதன் பின்பக்கத்தில் நான் பால் கணக்கு எழுதினேன்.

2016 ஜனவரி 20ஆம் தேதி அவர் போய்விட்டார். பன்னிரண்டாம் நாளோ என்னவோ, ஓய்வு பெற்ற ஓவிய ஆசிரியர் ஒருவர் மஞ்சள் பையுடன் சைக்கிளில் வந்தார். எனக்கு அவரை முகப் பழக்கம் மட்டும்தான். உட்கார்ந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி: "டீச்சர், சார் கணக்கிலிருந்து யாராவது பணம் எடுத்தீர்களா?" எனக்குக் கோபம் வந்துவிட்டது. துக்க வீட்டில் கேட்கிற கேள்வியா இது? ஆனால் என் மகன் எடுத்திருந்தான். மாதக் கடைசியில் முழுப் பென்ஷனும் கணக்கில் விழுந்திருந்தது. காரியச் செலவுக்கென்று ஏ.டி.எம்.மில் எடுத்துவிட்டான். இறந்த நாள் வரைக்கும்தான் பென்ஷன், மீதி நாள் பணம் அரசாங்கத்துடையது, பிறகு பிடித்துக்கொள்வார்கள் என்பது எங்களில் ஒருவருக்கும் தெரியாது. ஒரு மாதத்தோடு நின்றது அந்த மனிதர் வந்ததால்தான். கருவூலத்துக்கும் வங்கிக்கும் அன்றைக்கே என் கையால் கடிதம் எழுதவைத்தார்.

அப்புறம், குடும்பப் பென்ஷன் வாங்க என் பெயர். அவருடைய பென்ஷன் புத்தகத்தில் என் பெயருக்கு முன்னால் என் அப்பாவின் இனிஷியல். ஆதாரில் வீட்டுக்காரருடையது. வங்கிப் புத்தகத்தில் இனிஷியலே இல்லை. மூன்று பேரும் ஒரே பெண்தான் என்று தாசில்தார் அலுவலகத்தில் சான்று வாங்குவதற்கு நாலு தரம் நடந்தோம். நாலு தரமும் அவர் கூட வந்தார். அவருடைய பங்கு என்ன தெரியுமா? வரிசையில் எனக்கு முன்னால் நிற்பது, அவ்வளவுதான். துக்கத்தில் இருக்கிற ஒரு பெண்பிள்ளை கவுண்டருக்கு முன்னால் தனியாக நின்று "என் வீட்டுக்காரர் இறந்துவிட்டார்" என்று ஒவ்வொருவரிடமும் முதலிலிருந்து சொல்லவேண்டிய கொடுமை எனக்கு வரவில்லை. அதை அவர் சொல்லிவிடுவார்.

கடைசியில் "குடும்பப் பாதுகாப்பு நிதிக்கு எழுதிக் கொடுத்தீர்களா?" என்றார். முழித்தேன். மாதாமாதம் பென்ஷனில் ஒரு சின்னத் தொகை அதற்கெனப் பிடிக்கிறார்கள், ஓய்வூதியர் இறந்தால் குடும்பத்துக்கு 50,000 ரூபாய் கிடைக்கும் என்றார். என் பென்ஷனிலும்தான் பிடித்துக்கொண்டிருந்தார்கள். முப்பத்து மூன்று வருடம் கணக்குச் சொல்லிக்கொடுத்த எனக்கு, என் பென்ஷனில் என்ன பிடிக்கிறார்கள் என்று பார்க்கத் தோன்றவில்லை.

அடுத்த மாதம் நானாகப் போய் ஆயுள் சந்தா கட்டினேன். இப்போது கிளைப் பொருளாளர். சார், நீங்கள் நல்லபடியாக இருக்கும்வரை சங்கத்தால் உங்களுக்குப் பெரிய உபயோகம் இருக்காதுதான். பென்ஷன் தானாக வரும். அகவிலைப்படி உயர்ந்தால் பேப்பரில் போடுவார்கள். நீங்கள் கட்டுகிற சந்தா உங்கள் வீட்டம்மாவுக்காக. போகும்போது அவரையும் ஒரு தரம் அழைத்துக்கொண்டு போய், செயலாளர் யார், அவர் வீடு எந்தத் தெரு என்று காட்டிவிட்டு வாருங்கள்.

வடை சுமார்தான்.

எங்கள் ஊரில் மூன்று சங்கங்கள். அனைத்துத் துறை ஓய்வூதியர் சங்கம் ஒன்று, ஆசிரியர்களுக்கு மட்டும் இரண்டு. மூன்றிலிருந்தும் அழைக்கிறார்கள். எதில் சேருவது? — முதுகலை ஆசிரியர் (ஓய்வு), அறந்தாங்கி

வேலையில் இருந்தபோது நாம் எத்தனை சங்கமாகப் பிரிந்திருந்தோம்! இடைநிலை ஆசிரியருக்கு ஒன்று, பட்டதாரிக்கு ஒன்று, முதுகலைக்கு ஒன்று, தமிழாசிரியருக்குத் தனி, உடற்கல்விக்குத் தனி, தலைமையாசிரியர்களுக்கு வேறு. ஓய்வு பெற்ற பிறகும் பழக்கம் விடாது. எங்கள் கிளையில் இன்னமும் 2003 ஜூலை வேலைநிறுத்தம் நடந்துகொண்டிருக்கிறது. அத்தியாவசியப் பணிகளில் வேலைநிறுத்தத்தைத் தடுக்கும் டெஸ்மா சட்டத்தில் லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை வேலைநீக்கம் செய்தார்களே, அப்போது வேலைநிறுத்தத்தில் இருந்தவர்கள் ஒரு பக்கம் உட்காருவார்கள், கையெழுத்துப் போட்டுவிட்டுப் பள்ளிக்குள் போனவர்கள் சன்னல் ஓரம் உட்காருவார்கள். இருபது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. கருவூலத்தில் மட்டும் எல்லோருக்கும் ஒரே வரிசை.

எண்பதைத் தாண்டிய ஒன்றிய ஆசிரியர்கள் சிலர் எங்களோடு இருக்கிறார்கள். 1981 ஜூனில்தான் ஊராட்சி ஒன்றியப் பள்ளி ஆசிரியர்கள் அரசு ஊழியர் ஆனார்கள். அதற்கு முந்தைய காலத்தில் சம்பளத்துக்கு யார் யார் வாசலில் நின்றார்கள் என்று அவர்கள் சொல்வதைக் கேட்டாலே, சங்கம் எதற்கு என்ற கேள்வி போய்விடும்.

சரி, எதில் சேருவது? கொடியையும் தலைவரையும் விடுங்கள். மூன்றுக்கும் ஒரு மாதம் சும்மா போய்ப் பின்வரிசையில் உட்காருங்கள். வரவு செலவைக் கூட்டத்தில் வாசிக்கிறார்களா என்று பாருங்கள். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975இன் கீழ்ப் பதிவாகியிருந்தால் ஆண்டுக்கொருமுறை பொதுக்குழுவைக் கூட்டி மாவட்டப் பதிவாளருக்குக் கணக்குக் காட்டவேண்டும். "பதிவு எண் என்ன?" என்று கேளுங்கள். தயங்கினால் நீங்களும் தயங்குங்கள். இன்னொன்றும் உண்டு. போன மாதம் கருவூலத்துக்கு யார் யாருக்காகப் போனார்கள், எந்தக் காரியம் முடிந்தது, எது நிலுவை என்று சொல்கிறார்களா? அதைச் சொல்லுகிற சங்கத்தில் தலைவர் எந்தக் கட்சிக்காரராக இருந்தாலும் சேரலாம். மாநிலத் தலைமை அனுப்பிய தீர்மானத்தை மட்டும் வாசித்துவிட்டுக் கலைகிற இடத்தில் பொழுதுதான் போகும். அதுவும் சிலருக்கு வேண்டியிருக்கிறது, குற்றம் சொல்லமாட்டேன்.

இரண்டில் சேர்ந்தாலும் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். கொஞ்ச நாள் கோபிப்பார்கள்.

எங்கள் கிளைத் தலைவர் மைக்கைப் பிடித்தால் ஒரு மணி நேரம் விடுவதில்லை. என்ன செய்யலாம்? — பெயர் வேண்டாம், சீர்காழி

நாற்பத்தைந்து நிமிடப் பீரியடுக்குப் பழகிய வாய். நாற்பத்தாறாவது நிமிடம் யாராவது ஒரு டம்ளரைக் கரண்டியால் தட்டிப் பாருங்கள். எங்கள் ஊரில் பலித்தது.

இருபத்தாறு வருடம் ஒரு தனியார் மெட்ரிக் பள்ளியில் வேலை பார்த்தேன். கடைசிச் சம்பளம் 18,000. பி.எஃப். பணம் கிடைத்தது. அரசாங்கப் பென்ஷன் கிடையாது. ஓய்வு பெற்ற ஆசிரியர் சங்கத்தில் கேட்டபோது "நீங்கள் இதில் வரமாட்டீர்கள்" என்று சொல்லிவிட்டார்கள். நான் ஆசிரியை இல்லையா? — வாசகி, தஞ்சாவூர்

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். கடைசி வரிக்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. அவர்கள் சொன்னது விதிப்படி சரி. சங்கத்து வேலை முழுக்கக் கருவூலப் பென்ஷனைச் சுற்றியது, உங்களுக்குக் கருவூலமே கிடையாது. ஆனாலும் "அம்மா, உட்காருங்கள், தண்ணீர் குடியுங்கள்" என்று சொல்லிவிட்டு அதைச் சொல்லியிருக்கலாம்.

இப்போது உங்களுக்கு வரவேண்டியதைப் பார்ப்போம். பி.எஃப். வந்தது என்கிறீர்கள். பத்து வருடத்துக்கு மேல் பிடித்தம் இருந்தால் 1995ஆம் ஆண்டு ஓய்வூதியத் திட்டத்தில் மாதப் பென்ஷனும் உண்டு. பெரிய தொகை இல்லை. 2014இல் குறைந்தபட்சம் 1,000 ரூபாய் என்று வைத்தார்கள். அதற்குத் தனி விண்ணப்பம் கொடுத்தீர்களா என்று பாருங்கள். பி.எஃப். பணம் வந்ததோடு எல்லாம் முடிந்தது என்று இருந்துவிடுகிறவர்கள் அதிகம்.

இன்னொன்று பணிக்கொடை, அதாவது கிராஜுவிட்டி. உங்கள் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை, அதனால்தான் சந்தேகமாக இருக்கிறது. இதற்கு ஒரு கதை உண்டு. அகமதாபாத்தில் தனியார் தொடக்கப் பள்ளி ஆசிரியர்களின் சங்கம் ஒன்று பணிக்கொடை கேட்டு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2004இல் தோற்றார்கள். பணிக்கொடைச் சட்டம் சொல்லுகிற "ஊழியர்" என்ற சொல்லுக்குள் ஆசிரியர் வரமாட்டார் என்பது தீர்ப்பு. தோற்றார்களே தவிர வீண்போகவில்லை. 2009இல் நாடாளுமன்றம் சட்டத்தையே திருத்தி ஆசிரியர்களை உள்ளே கொண்டுவந்தது, அதுவும் 1997 ஏப்ரல் 3ஆம் தேதியிலிருந்து முன்தேதியிட்டு. தனியார் பள்ளி நிர்வாகங்கள் அதை எதிர்த்துப் போயின. 2022 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் திருத்தம் செல்லும் என்று சொல்லிவிட்டது.

கணக்கு போடுவோமா? கடைசி மாதச் சம்பளத்தை 26ஆல் வகுத்து 15ஆல் பெருக்க வேண்டும், அதை வேலை பார்த்த வருடங்களால் பெருக்க வேண்டும். உங்கள் 18,000 அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் மட்டும் சேர்ந்தது என்றால், 26 வருடத்துக்கு 26உம் 26உம் அடிபட்டுப்போகும். 18,000ஐ 15ஆல் பெருக்கினால் 2,70,000 ரூபாய். இவ்வளவு அழகாக அடிபடுகிற கணக்கை நான் பரீட்சையில்கூடக் கொடுத்ததில்லை. பள்ளிக்குப் பதிவுத் தபாலில் எழுதிக் கேளுங்கள், ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். பதில் வராவிட்டால் தொழிலாளர் துறை அலுவலகம் இருக்கிறது. உங்களோடு வேலை பார்த்து வெளியே வந்தவர்கள் பத்துப் பேராவது தஞ்சாவூரிலேயே இருப்பார்கள். ஏழு பேர் சேர்ந்தால் சங்கம் பதிவு செய்யலாம்.

வீட்டுக்காரர் ஓய்வு பெற்ற உயர்நிலைப் பள்ளி ஆசிரியர். பென்ஷன் விஷயம் எதையும் என்னிடம் சொல்லமாட்டார். கேட்டால் "நான் என்ன நாளைக்கே போகப்போகிறேனா?" என்று சத்தம் போடுகிறார். — வாசகி, பட்டுக்கோட்டை

அவர் போகவேண்டாம், நன்றாக இருக்கட்டும். நீங்கள் கேட்கிற விதத்தை மட்டும் மாற்றுங்கள். "உங்கள் பென்ஷன் புத்தகத்தில் என் போட்டோ நன்றாக விழுந்திருக்கிறதா, பார்க்கணும்" என்று கேளுங்கள். பீரோவிலிருந்து எடுப்பார். அப்போது உங்கள் பெயர் எப்படி எழுதியிருக்கிறது, இனிஷியல் என்ன, பிறந்த தேதி ஆதாரோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்து ஒரு சீட்டில் எழுதிக்கொள்ளுங்கள். தப்பாக இருந்தால் அவர் இருக்கும்போது திருத்துவது சுலபம். மருத்துவக் காப்பீட்டு அட்டையில் உங்கள் பெயர் இருக்கிறதா என்றும் பாருங்கள். மாதாமாதம் பிடித்தம் போகும், அட்டை எங்கே என்று வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. ராத்திரி இரண்டு மணிக்கு ஒரு மருத்துவமனையில் "அட்டை இல்லையென்றால் முன்பணம் கட்டுங்கள்" என்று கேட்டபோது எங்கள் வீட்டிலும் அதுதான் நிலைமை. அட்டை அகராதிக்குள் இருந்தது. தமிழாசிரியர் இல்லையா!

2010இல் ஓய்வு பெற்றேன். கம்யூடேஷன் வாங்கியதற்கான பிடித்தம் எப்போது நிற்கும்? தானாக நிற்குமா? — இடைநிலை ஆசிரியர் (ஓய்வு), லால்குடி

பென்ஷனில் மூன்றில் ஒரு பங்கை விற்று மொத்தமாக வாங்கியிருப்பீர்கள். பிடித்தம் தொடங்கி 15 வருடம் முடிந்தால் முழுப் பென்ஷன் திரும்பவேண்டும். தானாகத் திரும்பவேண்டும் என்பதுதான் முறை. நான் என் தேதியைக் காலண்டர் அட்டைக்குப் பின்னால் எழுதி, வருடா வருடம் புதுக் காலண்டருக்கு மாற்றி எழுதினேன். தேதி வந்த மாதம் பேத்தியின் போனில் கணக்கைப் பார்த்து, ஏறியிருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் காபி குடித்தேன். நீங்களும் ஓய்வு பெற்ற தேதியை நம்பாமல், முதல் பிடித்தம் எந்த மாதம் என்று புத்தகத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

பக்கத்துக் கேரளத்தில் 12 வருடத்தில் திரும்பிவிடுகிறது. இங்கேயும் 12 ஆக்குங்கள் என்பது சங்கங்களின் பழைய கோரிக்கை. வாங்கிய பணத்துக்கு வட்டியும் முதலும் 12 வருடத்துக்குள்ளேயே அடைந்துவிடுகிறது என்று எங்கள் கிளையில் ஒரு கணக்கு வாத்தியார் கரும்பலகையில் போட்டுக் காட்டுவார். எந்த வட்டி விகிதத்தில் என்று நான் கேட்டதிலிருந்து என்னோடு அவர் பேசுவதில்லை.

டிசம்பர் 17ஆம் தேதி ஓய்வூதியர் நாள் என்று கொண்டாடச் சொல்கிறார்கள். யார் பிறந்தநாள் அது? — வாசகர், நன்னிலம்

யாருடைய பிறந்தநாளும் இல்லை. ஒரு தீர்ப்பு வந்த நாள். டி.எஸ். நகரா என்பவர் பாதுகாப்பு அமைச்சகத்தில் நிதி ஆலோசகராக இருந்து 1972இல் ஓய்வு பெற்றவர். 1979இல் மத்திய அரசு பென்ஷன் கணக்கிடும் முறையைத் தாராளமாக்கியது. ஆனால் அந்த வருடம் மார்ச் 31ஆம் தேதிக்கு முன் ஓய்வு பெற்றவர்களுக்குக் கிடையாது என்று கோடு போட்டது. ஒரு நாள் முந்தி ஓய்வு பெற்றவருக்கும் பிந்தியவருக்கும் வித்தியாசம் என்ன என்று கேட்டு உச்ச நீதிமன்றம் போனார்கள். 1982 டிசம்பர் 17இல் ஐந்து நீதிபதிகள் அமர்வு அந்தக் கோட்டை அழித்தது. தீர்ப்பை எழுதியவர் நீதிபதி டி.ஏ. தேசாய். பென்ஷன் என்பது முதலாளி மனம்வைத்துப் போடுகிற தர்மம் இல்லை, உழைத்தவரின் உரிமை என்று அதில்தான் எழுதினார்.

கூட்டங்களில் சொல்லாமல் விடுகிற ஒரு சங்கதி எனக்குப் பிடிக்கும். வழக்குப் போட்டவர்கள் மூன்று பேர். ஒருவர் நகரா. இன்னொருவர் படையிலிருந்து ஓய்வு பெற்றவர். மூன்றாவது ஆளே இல்லை, "காமன் காஸ்" என்ற பதிவு பெற்ற சங்கம். தள்ளாத வயதில் ஊர் ஊராகக் கிடக்கிற ஓய்வூதியர்கள் தனித்தனியாக நீதிமன்றம் ஏற முடியாது என்பதால் அவர்களுக்காக அது வந்தது. அப்படி வருவதற்கு அதற்கு உரிமை உண்டு என்று நீதிமன்றமும் ஏற்றுக்கொண்டது. எங்கள் ஓவிய ஆசிரியர் வரிசையில் எனக்கு முன்னால் நின்றதும் இதுவும் வேறு வேறு என்று எனக்குத் தோன்றவில்லை.

அப்பாவுக்கு 79 வயது. ஓய்வு பெற்ற தொடக்கப் பள்ளி ஆசிரியர். கிராமத்தில் தனியாக இருக்கிறார். உயிரோடு இருப்பதைக் காட்ட வருடா வருடம் நேர்காணலுக்குக் கருவூலம் போக முடியவில்லை. நான் ஓசூரில் வேலையில் இருக்கிறேன். — மகன்

தபால்காரரைப் பிடியுங்கள். அஞ்சலக வங்கி மூலம் வீட்டுக்கே வந்து, கைரேகை வாங்கி, மின்னணு வாழ்நாள் சான்று பதிந்துவிட்டுப் போவார். கட்டணம் 70 ரூபாய். பென்ஷன் புத்தகம், ஆதார், வங்கிப் புத்தகம், போன் எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு அப்பா கைக்கு எட்டுகிற ஆணியில் மாட்டிவிடுங்கள். விரல் தேய்ந்து ரேகை விழவில்லை என்றால் பதற வேண்டாம், நாற்பது வருடம் சாக்பீஸ் பிடித்த விரல். வேறு விரலில் முயலச் சொல்லுங்கள்.

அம்மா இறந்து, அவருடைய குடும்ப ஓய்வூதியமும் அப்பாவுக்கு வருகிறதா? அப்படியானால் இரண்டு பென்ஷனுக்கும் தனித்தனியாகப் பதியவேண்டும். நான் ஒன்றுக்குப் பதிந்துவிட்டு, நான் ஒரு ஆள்தானே, ஒருதரம் உயிரோடு இருந்தால் போதாதா என்று வந்துவிட்டேன். வீட்டுக்காரர் பென்ஷன் நின்றுபோனது. பொருளாளர் செய்த காரியம்! கிளையில் இன்னமும் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

80 வயது முடிந்ததும் அப்பாவுக்குப் பென்ஷன் 20 சதவீதம் கூடும். 85இல் 30, 90இல் 40. பிறந்த தேதி புத்தகத்தில் சரியாக இருக்கிறதா என்று இப்போதே பார்த்துவைத்தால் அடுத்த வருடம் அலைய வேண்டாம். அந்த வட்டாரத்துச் சங்கக் கிளையில் அப்பா உறுப்பினரா என்றும் கேளுங்கள். இல்லையென்றால் சந்தாவை நீங்கள் கட்டிவிடுங்கள்.

டீச்சர், நானும் மன்னார்குடிதான். உங்கள் கிளைக் கூட்டத்துக்கு ஒருமுறை வந்து பார்க்கலாமா? முழங்கால் வலி, மாடி ஏற முடியாது. — ஓய்வு பெற்ற தையல் ஆசிரியை

இரண்டாம் சனிக்கிழமை காலை பத்தரை. மாடியில்தான் நடக்கும். முந்தின நாள் ஒரு தகவல் கொடுங்கள், நாற்காலிகளைக் கீழே வேப்பமரத்தடியில் போடச் சொல்லிவிடுகிறேன். பென்ஷன் புத்தகத்தின் நகல் ஒன்று எடுத்து வாருங்கள்.